கரடியின் கோடைக் கணக்கு

கோடை வந்துவிட்டால் எங்கள் நெய்க்காரப்பட்டியில் இரண்டு மணங்கள் காற்றில் கலந்திருக்கும். ஒன்று, ஆலைக்கொட்டகைக் கொப்பரையில் கொதிக்கும் வெல்லப்பாகின் மணம். மற்றொன்று, மலை அடிவாரத் தோப்புகளில் பழுக்கும் மாம்பழத்தின் மணம். இவ்விரண்டையும் நம்மைவிட நன்றாக முகர்ந்தறியும் ஓர் உயிர், ஊருக்குத் தெற்கே எழுந்து நிற்கும் பழனி மலைத் தொடரில் வாழ்கிறது. அது கரடி.

ஆண்டுதோறும் கோடையில் கரடி குறித்து இருவகைச் செய்திகள் நாளிதழ்களில் வெளியாகின்றன. உயிரியல் பூங்காவில் பனிக்கட்டிக்குள் உறைந்த பழத்தை நக்கிக்கொண்டிருக்கும் கரடியின் படம் ஒரு வகை. அதைப் பார்த்துக் குழந்தைகள் மகிழ்கின்றனர். பெரியவர்கள் பூங்கா ஊழியர்களைப் பாராட்டுகின்றனர். ஊருக்குள் புகுந்த கரடி, பிடிக்கக் கூண்டு, பொதுமக்கள் அச்சம் என்பது மற்றொரு வகை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரு விலங்குகள், ஒரே வெயில். ஒன்று விருந்தாளி, மற்றொன்று குற்றவாளி.

பொருளாதாரம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு, இவ்விரு செய்திகளையும் படிக்கும்போது ஒரே கேள்விதான் எழுகிறது. இந்தச் செலவை யார் ஏற்கிறார்கள்? பூங்காக் கரடிக்கான செலவு அரசின் வரவு - செலவுக் கணக்கில் இடம்பெறுகிறது. காட்டுக் கரடிக்கான செலவோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அது அடிவாரத்தில் வசிக்கும் சில குடும்பங்களின் தோள்களில் ஓசையின்றி இறங்கிவிடுகிறது. கரடிப் பாதுகாப்பின் சிக்கல் முழுவதும் இந்தக் கணக்கின் பிழையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கரடியை நான் முதன்முதலில் பார்த்தது காட்டில் அன்று. எங்கள் வீட்டு வாசலில். 1960-களின் பிற்பகுதியில், பள்ளி விடுமுறை நாள்களில், மூக்கில் கயிறு கோத்த கரடியுடன் ஒருவர் ஊருக்குள் வருவார். அவர் எங்கிருந்து வந்தார் என்று எவரும் கேட்டதில்லை. கையிலிருந்த கோலை அவர் தரையில் தட்டினால் கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்று தள்ளாடும். அதை ஆட்டம் என்று நாங்கள் நம்பினோம்.

ஆட்டம் முடிந்ததும் கரடி முடி விற்பனை நடக்கும். காற்று, கருப்பு அண்டாது. குழந்தை இரவில் அலறாது என்பது நம்பிக்கை. என் அப்பத்தா நாலணா கொடுத்து வாங்கிய முடியைச் செப்புக் குப்பியில் அடைத்து என் அரைஞாணில் கட்டினார். நான் பதிலுக்கு ஓர் அச்சு வெல்லத்தைக் கரடியிடம் நீட்டினேன். அது வெல்லத்தைக் கடிக்கவில்லை. உதடுகளைக் குவித்து உறிஞ்சியது. அந்தக் கரடிக்குப் பற்களே இல்லை என்பதும், அவை எப்படிப் போயின என்பதும் எனக்குப் புரிய இன்னும் 30 ஆண்டுகள் ஆயின.

தாயைக் கொன்று குட்டியைக் கவர்வது, மயக்க மருந்தின்றி மூக்கின் மேற்பகுதியைச் சூடாக்கிய கம்பியால் துளைப்பது, கடிக்காமலிருக்கப் பற்களை உடைப்பது, அந்த ஆறாத புண்ணில் கயிற்றைக் கோத்து இழுப்பது: நாங்கள் கண்ட ஆட்டத்தின் உற்பத்தி முறை இதுதான். கயிறு இழுபடும்போது வலி தாளாமல் எழுந்து நின்ற விலங்கைப் பார்த்துத்தான் நாங்கள் கைதட்டினோம். எங்கள் நாலணாக்கள்தாம் அந்தத் தொழிலின் மூலதனம்.

நம் நாட்டுச் சமவெளிகளிலும் தென்னக மலைகளிலும் வாழும் கரடி, இமயமலைச் சரிவுகளில் வாழும் கருங்கரடியிலிருந்து வேறுபட்டது. சடை சடையாகத் தொங்கும் கரிய உரோமமும், மார்பில் வெள்ளை வளைவும், நீண்ட வளைந்த நகங்களும் கொண்டது. 1791-இல் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஆங்கிலேய ஆய்வாளர் ஜார்ஜ் ஷா, நகங்களைக் கண்டு இது தென் அமெரிக்காவின் மந்த விலங்குகளுக்கு உறவு என்று தவறாக வகைப்படுத்தினார். ஆங்கிலத்தில் அந்தச் சோம்பல் பட்டம் இன்றும் நீங்கவில்லை. உண்மையில், இரவெல்லாம் அலைந்து உழைக்கும் விலங்கு இது. குளிர்நாட்டுக் கரடிகளைப் போலக் குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கழிப்பதுமில்லை.

கரையானும் எறும்பும் பழங்களும் தேனும்தான் இதன் உணவு. மேல்வரிசையின் நடுவில் இரண்டு முன்பற்கள் பிறவியிலேயே இல்லை. அந்த இடைவெளி வழியே, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, புற்றுக்குள் இருக்கும் கரையானை உறிஞ்சி எடுக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு, அடிவாரத் தோப்பு ஒன்றின் பரணில் நண்பர்களுடன் ஒரு மாலைப் பொழுதில் அமர்ந்திருந்தபோது அந்த ஓசையைக் கேட்டேன். எங்கோ பழைய நீரேற்றும் இயந்திரம் காற்றை இழுத்து உறிஞ்சுவதுபோல் இருந்தது. நூறடிக்கு அப்பால் ஒரு தாய்க்கரடி புற்றில் முகம் புதைத்திருந்தது. அதன் முதுகில், சடைமுடியைப் பற்றிக்கொண்டு இரண்டு குட்டிகள்.

குட்டிகளை முதுகில் ஏற்றிச் சுமப்பதை வழக்கமாகக் கொண்ட கரடியினம் இது ஒன்றே. குட்டிகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாயுடன் இருந்து, எந்தப் புற்று எப்போது பலன் தரும், எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், எந்த ஓடையில் கடைசிவரை நீர் நிற்கும் என்பதையெல்லாம் கற்கின்றன. அந்தக் கல்வி பாதியில் நின்றுபோன குட்டியைப் பின்னர் எவராலும் கரடியாக்க முடியாது. வெல்லத்தை உறிஞ்சிய அந்தப் பழைய வாய் அன்றிரவு என் நினைவுக்கு வந்தது. அதுவும் ஏதோ ஒரு தாயின் முதுகிலிருந்து பிடுங்கப்பட்டதுதான்.

கோடை என்பது கரடியின் பற்றாக்குறைக் காலம். மழை ஓய்ந்து மண் இறுகிவிடுவதால் புற்றைத் தோண்டுவதற்கே உழைப்பு அதிகம். சிற்றோடைகள் வறண்டு, எஞ்சிய சில குட்டைகளுக்கு எல்லா விலங்குகளும் வந்து சேர்கின்றன. இனச்சேர்க்கைக் காலமும் கோடையை ஒட்டியே அமைவதால் ஆண் கரடிகளின் நடமாட்டம் கூடுகிறது. இந்த இடைவெளியைக் காடு தன் பழங்களால் நிரப்பிவந்தது. இலுப்பைப்பூ, கொன்றைக் காய், அத்தி, ஆல், பின்னர் நாவல் என ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசை அது. பொருளாதார மொழியில் சொன்னால், காட்டின் பொதுவிநியோக முறை.

அந்த முறை இன்று பல இடங்களில் சிதைந்துவிட்டது. பழமரங்கள் இருந்த அடிவாரங்கள் தோட்டங்களாகவும் விடுதிகளாகவும் மாறின. எஞ்சிய காட்டில் உண்ணிச்செடி புதர்போல் மண்டி, நம் மண்ணின் மரக்கன்றுகளைத் தலையெடுக்கவிடாமல் செய்கிறது. அந்தப் புதர் ஊர் எல்லைவரை வந்து, கரடி பகலில் படுத்திருக்க இருட்டான மறைவிடத்தையும் அமைத்துத் தருகிறது. உள்ளே உணவில்லை, ஊரோரத்தில் மறைவிடம் இருக்கிறது. தோப்பில் மாம்பழமும் பலாவும், வீட்டில் வெல்லமும் எண்ணெயும் இருக்கின்றன. கரடி இறங்கி வருவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கரடிகள் நடமாடுவதும், கதவை உடைத்துச் சத்துணவுக் கூடத்தின் எண்ணெயையும் கோயில் விளக்கெண்ணெயையும் குடித்துச் செல்வதும் வழக்கமான செய்திகளாகிவிட்டன. நம்மில் பலர் அவற்றைக் கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால், ஒருமுறை எண்ணெயின் ருசி கண்ட கரடிக்குக் கரையான் புற்று இலாபமற்ற தொழிலாகிவிடும். குறைந்த உழைப்பில் மிகுந்த பலன் கிடைக்கும் இடத்தை நாடுவது மனிதனுக்கு மட்டும் உரிய பகுத்தறிவன்று.

இந்த இடத்தில்தான் மனிதரின் இரத்தமும் கணக்கில் சேர்கிறது. கரடி மனிதனை உணவாகக் கருதித் தாக்குவதில்லை. அதன் பார்வை கூர்மையற்றது. புற்றிலோ பழத்திலோ மூழ்கியிருக்கும்போது நாம் நெருங்குவதையும் உணராது. திடீரென எதிர்ப்படும் மனிதனை, புலியோடு மல்லுக்கட்டிப் பழகிய உள்ளுணர்வுடன் அது எதிர்கொள்கிறது. எழுந்து நின்று அடிப்பதால் காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகிறது. உயிர் பிழைத்தவரும் பழைய முகத்தோடு பிழைப்பதில்லை.

எனக்குத் தெரிந்த கூலித் தொழிலாளி ஒருவர், அதிகாலையில் உதிர்ந்த மாங்காய் பொறுக்கப் போன இடத்தில் ஒரு கண்ணை இழந்தார். மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். "கரடியக் குத்தம் சொல்ல மாட்டேனுங்க சார். அதுக்கும் பசி, எனக்கும் பசி. ரெண்டு பேரும் ஒரே மரத்தடிக்குப் போயிட்டோமுங்க" என்றார். பின்பு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கரடி பாவந்தானுங்க. எங்களுக்கு ஆருங்க பாவம் பாக்கறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவருக்கு நிவாரணம் கிடைத்தது. ஆனால் அது கைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த மாம்பருவமே வந்துவிட்டது. சான்றிதழ் ஓரிடம், கையொப்பம் ஓரிடம், வங்கிக் கணக்கின் பிழை வேறோரிடம். இதற்கிடையே வாங்கிய கடனுக்கு வட்டி, உடனிருந்த மகளின் இழந்த கூலி, பேருந்துக் கட்டணம் ஆகியவை எந்தப் படிவத்திலும் இடம்பெறவில்லை. நிவாரணத் தொகையில் பாதிக்கு மேல் அந்தத் தாமதத்தின் விலையாகவே கரைந்தது.

வனவிலங்கால் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேரிட்டால் வழங்கும் தொகையை 2023-இல் மத்திய அரசு 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வரவேற்க வேண்டிய முடிவு. எனினும், ஏழைக் குடும்பத்துக்குத் தொகையின் அளவைப் போலவே அது கிடைக்கும் நாளும் முக்கியம். பத்து மாதம் கழித்து வரும் பத்தாயிரத்தைவிடப் பத்தாம் நாளில் வரும் ஐந்தாயிரம் அந்த வீட்டுக்குப் பெரிது.

நன்மை எல்லோருக்கும், செலவு சிலருக்கு என்ற நிலையைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்போம். காடு தரும் நீரைச் சமவெளி நகரங்கள் குடிக்கின்றன. கரடி விழுங்கி வெளியேற்றும் விதைகளால் காடு புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் பயன் நம் அனைவருக்கும் உரியது. ஆனால் கரடியோடு ஒரே மரத்தடியில் எதிர்ப்படும் அபாயம், தோப்புக் காவலுக்கும் சாணம் பொறுக்கவும் விறகு எடுக்கவும் செல்லும் ஏழைகளுக்கு மட்டுமே உரியது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் கரடியைக் காப்போம் என்று சொல்வது, பிறர் பணத்தில் செய்யும் தர்மம்.

செலவைத் தாங்க முடியாதவர்கள் எழுப்பும் கோரிக்கை இயல்பாகவே ஒன்றுதான்: பிடித்துக்கொண்டு போங்கள். அரசு நிர்வாகமும் அதையே எளிய தீர்வாகக் கருதுகிறது. ஆனால் அது எளியதன்று என்பதற்கு அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு போதும்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மூவரைக் கரடி கொடூரமாகத் தாக்கியது. மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அந்தக் கரடி களக்காடு வனப்பகுதியில் விடப்பட்டது, பின்னர் இறந்தது. 2023 ஏப்ரலில், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில் வீட்டுக் கிணற்றில் விழுந்த கரடி, மயக்க ஊசி செலுத்தப்பட்ட பின் நீரில் மூழ்கி உயிரிழந்தது. இரு நிகழ்வுகளிலும் எவரும் கரடியைக் கொல்ல விரும்பவில்லை. நெருக்கடி முற்றிய பிறகு, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே எடுக்கப்படும் எந்த முடிவும் கரடிக்குச் சாதகமாக முடிவதில்லை.

உயிரோடு பிடித்து வேறு காட்டில் விட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. அந்தக் காட்டில் ஏற்கெனவே கரடிகள் இருக்கும். புதிய கரடிக்கு அங்கே புற்றும் தெரியாது, நீரும் தெரியாது. எனவே ருசி கண்ட உணவைத் தேடி அருகிலுள்ள மற்றோர் ஊருக்கு அது செல்லக்கூடும். ஓர் ஊரின் செலவை இன்னோர் ஊருக்கு மாற்றுவதைத் தீர்வு என்று எந்தப் பொருளாதாரமும் ஏற்காது.

எஞ்சியிருப்பது நிரந்தரச் சிறை. தாயை இழந்த குட்டிகளும் காயமுற்ற கரடிகளும் பூங்காவுக்கு வந்துசேர்வது தவிர்க்க இயலாதது. அங்கே அவற்றைப் பேணும் ஊழியர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். 1855-இல் சென்னையில் தொடங்கி 1985-இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா முதலாக, நாட்டின் பல பூங்காக்களில் கோடைப் பராமரிப்பு ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது. இறங்கிப் படுக்க நீர்த்தொட்டி, நீர்த் தெளிப்பான், நிழல் பந்தல், தர்ப்பூசணி, பழங்களை உள்ளே வைத்து உறையவைத்த பனிக்கட்டி எனப் பல ஏற்பாடுகள் உண்டு.

உணவைத் தட்டில் வைத்தால் கரடி ஐந்து நிமிடத்தில் தின்றுவிட்டு மீதி நாளெல்லாம் சுவரோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே, மரக்கட்டையில் துளையிட்டுத் தேனைப் பூசி ஒளித்துவைக்கிறார்கள். தேடவும் தோண்டவும் உறிஞ்சவும் அதற்கு ஒரு வேலை தேவைப்படுகிறது. காடு இலவசமாகக் கொடுத்ததை ஒவ்வொரு நாளும் காசு கொடுத்து, ஆள் அமர்த்தி, போலியாகச் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. பராமரிப்பில் கரடி 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஒரு குட்டியைக் காட்டில் காக்கத் தவறினால், முப்பது கோடைகளுக்குப் பனிக்கட்டி வாங்க வேண்டும்.

மனிதச் செலவைச் சரிசெய்தால் கரடியைக் காக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. அது நான் கைதட்டிய அதே ஆட்டக் கரடியின் கதைதான். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. கரடிகளைப் பழக்கிக் காட்சிப்படுத்துவதைத் தடைசெய்யும் அறிவிக்கை 1998-இல் வந்தது. ஆயினும், 1990-களின் நடுவில் நடந்த கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 1,200 கரடிகள் நாடெங்கும் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கரடியாட்டத்தைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட கலந்தர் சமூகத்துக்கு வேறு பிழைப்பு இல்லை. கரடியைப் பறிமுதல் செய்தால் அவர்கள் மற்றொரு குட்டியைத் தேடினர். சட்டம் விலையை உயர்த்தியது, தேவையை ஒழிக்கவில்லை.

கார்த்திக் சத்தியநாராயணன், கீதா சேஷமணி ஆகியோர் 1995-இல் தொடங்கிய 'வைல்டு லைஃப் எஸ்ஓஎஸ்' அமைப்பு வேறு வழியை நாடியது. கரடியை ஒப்படைத்து, இனி இத்தொழில் செய்வதில்லை என எழுதிக்கொடுக்கும் குடும்பத்துக்கு மாற்றுத் தொழில் தொடங்க முதலீடு வழங்கப்பட்டது. பெண்களுக்குத் தையல், கைவினைப் பயிற்சியும், குழந்தைகளுக்குப் பள்ளிப் படிப்பும் கிடைத்தன. 2002 இறுதியில் ஆக்ராவில் முதல் கரடிகள் அடைக்கலம் பெற்றன. 600-க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. 2009 டிசம்பரில் பெங்களூரு அருகே பன்னர்கட்டாவில் 'ராஜு' என்ற கரடியின் மூக்குக் கயிறு அறுக்கப்பட்டபோது, பல நூற்றாண்டு வழக்கம் நாட்டில் முடிவுக்கு வந்தது.

அதே 2009-இல்தான் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு எலினார் ஆஸ்ட்ரமுக்கு வழங்கப்பட்டது. காடு, நீர், மேய்ச்சல் நிலம் போன்ற பொதுவளங்களை, அவற்றைச் சார்ந்து வாழும் மக்களே விதிகள் வகுத்துக் காக்க முடியும் என்று நிறுவியவர் அவர். 30 ஆண்டுகள் சட்டத்தால் முடியாதது, பிழைப்புக்கு வழி காட்டியதும் ஏழே ஆண்டுகளில் முடிந்தது என்பதை என் மாணவர்களுக்குச் சொல்லிக்காட்ட எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்பட்டதில்லை.

மீட்கப்பட்ட அந்தக் கரடிகள் காட்டுக்குத் திரும்பவில்லை என்பதையும் மறக்கலாகாது. பல் இல்லை, பலவற்றுக்குப் பார்வையும் இல்லை, காசநோய் வேறு. ஆக்ராவின் 45 டிகிரி வெயிலில் அவற்றுக்குக் குளிர்விப்பானும் குளமும் கஞ்சியும் கொடுத்துச் சாகும்வரை காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை கைதட்டியதற்கு அடுத்த தலைமுறை கட்டும் அபராதம் அது.

கரடியைக் கண்டு மகிழும் ஆசையும் கணக்கில் சேர்க்க வேண்டியதே. கர்நாடகத்தில், ஹம்பிக்கு அருகிலுள்ள தரோஜியில், 1994-இல் கரடிகளுக்கெனவே ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. பாறைகளில் வெல்லப்பாகு தடவிவைப்பார்கள். பிற்பகலில் குன்றிலிருந்து கரடிகள் இறங்கி வந்து நக்கும். எதிரிலுள்ள கோபுரத்திலிருந்து பயணிகள் பார்ப்பார்கள். பாதுகாப்பான தொலைவு என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் வெல்லம் காய்ச்சும் ஊரில் பிறந்தவன் என்ற முறையில், கரடிக்கு அதைப் பழக்குவதில் எனக்கு அச்சமுண்டு. பாறையில் கிடைக்கும் வெல்லத்துக்கும் வீட்டில் இருக்கும் வெல்லத்துக்கும் உள்ள வேறுபாடு கரடிக்கு எப்படித் தெரியும்?

இலங்கையின் யால, வில்பத்து காடுகளில் வேறொரு முறை. அங்கே ஜூன், ஜூலை மாதங்களில் பாலைமரம் பழுக்கும். பழத்துக்காகக் கரடிகள் கிளைகளில் ஏறி அமர்ந்திருக்கும். அதைக் காணவே அந்தப் பருவத்தில் பயணிகள் வருகின்றனர். எவரும் எதையும் தடவிவைக்க வேண்டியதில்லை. மரம் இருக்கிறது, கரடி வருகிறது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998-ஆம் ஆண்டு மட்டும் கருங்கரடிகளால் 1,500-க்கும் மேற்பட்ட சேத நிகழ்வுகள் பதிவாயின. உணவைத் தேடி மகிழுந்துக் கதவுகளையே அவை பிய்த்தெறிந்தன. கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை முகாம்கள்தோறும் வைத்து, உணவை அவற்றில்தான் வைக்க வேண்டும் என்று விதித்த பிறகு, நிகழ்வுகள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அங்கே திருத்தப்பட்டது பெரும்பாலும் மனிதரின் பழக்கம்.

நம் அடிவாரங்களுக்கு வருவோம். கொடைக்கானல் வனஉயிரினச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டு, பழனி மலையின் சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. எல்லைக்கோடு வரைபடத்தில் இருக்கிறது. கோட்டுக்கு இப்பால் வாழும் மக்களுடன் ஓர் ஒப்பந்தம்தான் இன்னும் எழுதப்படவில்லை.

முதலாவதாக, காயமடைந்தவருக்கான மருத்துவச் செலவும் முதல்கட்ட நிவாரணமும் பத்து நாள்களுக்குள் கிடைக்க வேண்டும். ஆய்வும் ஆவணமும் பிறகு தொடரட்டும். தாமதமானால் வட்டியுடன் வழங்குவது அரசின் கடமையாகட்டும். கரடியின் மீதான ஊராரின் கோபம் பாதி கரடியால் உண்டாவது. மீதி அலுவலக வாசல்களில் உண்டாவது.

இரண்டாவதாக, அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கும் கொள்கையைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில் அத்தி, நாவல், கொன்றை, இலுப்பை நடப்பட வேண்டும். வெறுமனே அகற்றினால் மறுமழையில் அது மீண்டும் முளைக்கும். அந்தப் பணியையும் வறண்ட ஓடைகளில் நீர்க்குட்டை அமைக்கும் பணியையும் பளியர் பழங்குடியினரிடமும் அடிவார மக்களிடமும் கூலியுடன் ஒப்படைக்கலாம். வேலை குறைந்த கோடையில் அது கரடிக்கும் மனிதருக்கும் ஒருசேர உணவாகும். முதிய பளியர் ஒருவர் என்னிடம், காட்டில் எப்போதும் பேசிக்கொண்டும் கோலால் தட்டிக்கொண்டும் நடக்க வேண்டும், கரடி வழிவிட அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்றார். இந்த அறிவு ஊர்ப் பள்ளிகளில் பாடமாக வேண்டும்.

மூன்றாவதாக, சிறு செலவுகள். திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர், சத்துணவுக் கூடங்களுக்கு இரும்புக் கதவு, தெருமுனையில் மூடியுள்ள குப்பைத் தொட்டி, ஊரோரப் பாதைகளுக்கு விளக்கு, வீட்டுக்கு வீடு கழிப்பறை, உதிர்ந்த பழங்களை மாலையிலேயே பொறுக்கிவிடும் வழக்கம். இவை எதற்கும் வெளிநாட்டுத் தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு கரடியைப் பிடித்து முப்பது ஆண்டு கூண்டில் பேணும் செலவோடு ஒப்பிட்டால் இவை அற்பம். ஆனால் கூண்டுக்கு ஒதுக்கீடு உடனே கிடைக்கும். கிணற்றுச் சுவருக்குக் கிடைக்காது. விபத்துக்குப் பின் செலவிடுவதையே செயல் என்று கருதும் நிர்வாக மனப்பான்மை மாற வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி எழும். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் பயணிகள் எண்ணற்றோர். மலையின் நீரையும் குளிர்ச்சியையும் அவர்கள் நுகர்கின்றனர். சுற்றுலாவில் ஈட்டும் வருவாயில் ஒரு சிறு பங்கை அடிவார ஊராட்சிகளுக்கென ஒதுக்கி, அதைச் செலவிடும் உரிமையைக் கிராம சபைகளிடம் அளிக்கலாம். நன்மை பெறுவோர் செலவில் பங்கேற்பதற்குப் பெயர் நன்கொடை அன்று, நியாயம்.

உலகில் இந்தக் கரடியினம் 20,000-க்கும் குறைவு என மதிப்பிடப்படுகிறது. வங்கதேசத்தில் அது முற்றிலும் அற்றுப்போய்விட்டது. மிகப் பெரும்பாலானவை நம் நாட்டில்தான் வாழ்கின்றன. 2022 முதல் அக்டோபர் 12-ஆம் நாள் இக்கரடிக்கான உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மழை பெய்து காடு பசுமையாக இருக்கும் அந்த நாளில் வாழ்த்துவது எளிது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் நாம் என்ன செய்கிறோம் என்பதே சோதனை.

அண்மையில் பழைய மரப்பெட்டியைத் துழாவியபோது அந்தச் செப்புக் குப்பி கிடைத்தது. களிம்பேறியிருந்தது. திறந்து பார்த்தேன், நாலைந்து கறுத்த முடிகள். எந்தக் கேட்டிலிருந்தும் என்னைக் காத்த கரடி முடி என்று அப்பத்தா கடைசிவரை நம்பினார். காத்ததோ இல்லையோ, கடன் இருக்கிறது. ஒரு கண்ணோடு மீண்டும் தோப்பு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட அந்தத் தொழிலாளியிடமும் அதே கடன் இருக்கிறது. இரண்டையும் ஒருசேர அடைக்க வழியிருக்கிறது. இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.